தெருவிலிருந்து மாநிலம் வரை: மாணவர்கள் வரைபடம் செய்யக் கற்கும் வழி

இந்த வழிகாட்டியில் இரண்டே வரைபடங்கள்தான். முதலாவது நீங்கள் குடியிருக்கும் தெரு. அதை அளவுநாடா, பென்சில், கிராஃப் தாள் கொண்டு கையால் வரையப்போகிறீர்கள். இரண்டாவது தமிழ்நாட்டின் மக்கள்தொகை அடர்த்தி. அதைக் கணினியில் செய்து ஏ4 தாளில் அச்சிடப்போகிறீர்கள். பள்ளியில் புவியியல் எடுத்தவருக்கும் கல்லூரியில் சிவில், ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் சேர்ந்தவருக்கும் இதே வரிசை பொருந்தும். மென்பொருள் வகுப்புகளில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று சொல்லித்தருவார்கள். அது பதிப்புக்குப் பதிப்பு மாறிவிடும். எதை விடுவது, எதைப் பெரிதாக்குவது, எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்ற முடிவுகள் மாறுவதில்லை. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பழகுவதற்கே இந்த இரண்டு வரைபடங்கள்.

முதல் வரைபடம்: உங்கள் தெரு

தேவையானவை: 30 மீட்டர் அளவுநாடா, மில்லிமீட்டர் கட்டம் போட்ட ஏ4 கிராஃப் தாள் நான்கு, எச்பி பென்சில், தாளைப் பொருத்த ஓர் அட்டை, திசைகாட்டி. கைப்பேசியில் உள்ள திசைகாட்டி போதும்.

முதலில் உங்கள் நடையை அளவுகோலாக மாற்றுங்கள். நாடாவால் 100 மீட்டர் அளந்து குறித்து, அதை இயல்பான நடையில் மூன்று முறை கடந்து அடிகளை எண்ணுங்கள். சராசரி 140 வந்தால் உங்கள் ஓர் அடி 0.71 மீட்டர். நீளமாக எட்டிவைத்து நடக்க வேண்டாம். அந்த நடை ஐம்பது மீட்டரில் தளர்ந்து கணக்கு கெட்டுவிடும்.

அடுத்து அளவை, அதாவது தாளில் உள்ள நீளத்துக்கும் தரையில் உள்ள நீளத்துக்கும் இடையிலான விகிதம். 350 மீட்டர் தெருவை 1:1,000 அளவில் வரைந்தால் 35 செ.மீ. வரும், ஏ4 தாளில் அடங்காது. 1:2,000 என்றால் 17.5 செ.மீ. அதுவே சரி. அப்போது தாளில் 1 செ.மீ. தரையில் 20 மீட்டர், அதாவது உங்கள் நடையில் 28 அடிகள். இந்த 28 என்ற எண்ணைத் தாளின் மூலையில் எழுதிவிடுங்கள். நடந்துகொண்டே வரைய அது ஒன்றே போதும்.

தெருவின் நடுவில் ஒரு நேர்க்கோட்டை அடிக்கோடாகக் கொள்ளுங்கள். அதன் மேல் நடக்கும்போது ஒவ்வொரு வீட்டின் மூலைக்கும் நேராக வந்ததும் நின்று, அதுவரை எத்தனை அடி, அங்கிருந்து செங்குத்தாக இடப்புறமோ வலப்புறமோ எத்தனை அடி என்று இரண்டு எண்களைக் குறியுங்கள். வீட்டில் பட்டாவோடு எஃப்எம்பி ஸ்கெட்ச் (நில அளவைப் படம்) இருந்தால் எடுத்துப் பாருங்கள். வயலைக் குறுக்காக வெட்டும் கோடுகளும், அவற்றிலிருந்து செங்குத்தாகக் கிளம்பும் சிறு அளவுகளும் அதில் இருக்கும். நீங்கள் செய்ததும் அதே முறைதான். 1802இல் வில்லியம் லாம்டன் இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைப் பணிக்குப் பரங்கிமலை அருகே சுமார் 12 கி.மீ. அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்ததும் இந்தக் கொள்கையின்படியே: ஒரு கோட்டை மிகக் கவனமாக அள, மற்றதை அதிலிருந்து பெறு.

தெரு வளைந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் திசைகாட்டியால் கோணம் எடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர், இரும்புக் கேட், நிறுத்திவைத்த மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நின்று எடுத்தால் முள் விலகும். சந்தேகம் வந்தால் அடுத்த திருப்பத்திலிருந்து திரும்பிப் பார்த்து அதே கோட்டின் கோணத்தை எடுங்கள். இரண்டுக்கும் 180 டிகிரி வித்தியாசம் இருக்க வேண்டும்.

இப்போது முக்கியமான சோதனை. தெருவோடு நிறுத்தாமல் பக்கத்துத் தெரு வழியாகச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வாருங்கள். தாளில் கோடு தொடங்கிய புள்ளியில் வந்து முடியாது, யாருக்கும் முடியாது. 600 மீட்டர் சுற்றில் 9 மீட்டர் இடைவெளி விழுந்தால் அது தாளில் 4.5 மி.மீ. நடந்து அளந்ததற்கு ஐம்பதில் ஒரு பங்கு வரை பிழை ஏற்கலாம்; இது அதற்குள் இருக்கிறது. கடைசிப் புள்ளியை மட்டும் இழுத்து ஒட்டவைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் மொத்தப் பிழையும் ஒரே தெருமுனையில் போய் உட்காரும். பிழையைப் பகிர்ந்து கொடுங்கள்: 200 மீட்டரில் இருக்கும் திருப்பத்தை அந்த இடைவெளியின் திசையில் 1.5 மி.மீ., 400 மீட்டரில் இருப்பதை 3 மி.மீ., கடைசியை 4.5 மி.மீ. நகர்த்துங்கள். சுற்று மூடிக்கொள்ளும், எந்த வீடும் கோணலாகத் தெரியாது.

இதே வரைபடத்தை இப்போது 1:10,000 அளவில் இன்னொரு தாளில் வரையுங்கள். தெரு 3.5 செ.மீ. ஆகிவிடும், 8 மீட்டர் அகல வீடு 0.8 மி.மீ. ஆகிவிடும், 6 மீட்டர் சாலை 0.6 மி.மீ. தனித்தனி வீடுகளை வரைய முடியாது. வீடுகளைச் சேர்த்து ஒரே கட்டமாக நிரப்புவீர்கள். சாலையை உண்மை அகலத்தில் போட்டால் சட்டென்று கண்ணில் படாது, எனவே 1 மி.மீ. தடிமனாக்குவீர்கள். சாலை தடித்ததால் ஓரத்துப் பிள்ளையார் கோவில் அதற்குள் மூழ்கும். அதைச் சற்றே தள்ளிவைக்க வேண்டிவரும். மருந்துக்கடை நிற்குமா, பேருந்து நிறுத்தம் நிற்குமா? யாருக்காக வரைகிறீர்கள் என்று தெரியாமல் இதற்குப் பதில் இல்லை. தேர்ந்தெடுப்பது, சேர்ப்பது, மிகைப்படுத்துவது, நகர்த்துவது ஆகிய நான்கையும் பொதுமைப்படுத்தல் என்பார்கள். மென்பொருள் இதில் அரைகுறையாகத்தான் உதவும். கையால் ஒருமுறை செய்தவருக்குப் பின்னால் எந்த மென்பொருளிலும் எதைக் கேட்பது என்று தெரிந்திருக்கும்.

ஒரு வாரம் டோப்போஷீட்டோடு

கணினிக்குப் போகுமுன் தேர்ந்தவர்கள் செய்த வரைபடத்தை வாசிக்கப் பழகுங்கள். அரசின் வரைபட நிறுவனமான சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 நிலவரைபடத் தாள்களை (டோப்போஷீட்) அதன் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ளலாம்.

பழைய எண்முறையைத் தெரிந்துகொள்வது நல்லது. தாள் எண் 58 என்பது வடக்கு 8 முதல் 12 டிகிரி, கிழக்கு 76 முதல் 80 டிகிரி வரை உள்ள சதுரம். அதை ஒரு டிகிரிக்கு ஒன்றாக 16 ஆகப் பிரித்து ஏ (A) முதல் பி (P) வரை எழுத்து கொடுத்திருக்கிறார்கள். வடமேற்கு மூலையில் தொடங்கி, மேலிருந்து கீழாக நான்கு, பிறகு அடுத்த நிரல். ஒவ்வொன்றையும் மறுபடி அதே வரிசையில் 16 ஆகப் பிரித்தால் 15 நிமிடத்துக்கு 15 நிமிடம் கொண்ட தாள். மதுரை வடக்கு 9.92, கிழக்கு 78.12. கணக்குப் போட்டுப் பாருங்கள், 58 கே/1 வரும். இதேபோல் உங்கள் ஊரின் எண்ணைக் கண்டுபிடியுங்கள்.

தாள் கிடைத்ததும் மேலே டிரேசிங் தாள் வைத்து மூன்று தடவை வரையுங்கள்: நீலம் மட்டும், பழுப்பு மட்டும், சிவப்பு மட்டும். நீலம் நீர்நிலை, பழுப்பு சமஉயரக்கோடு, சிவப்பு ஊரும் சாலையும். பழுப்புக் கோடுகள் ஆற்றைக் கடக்குமிடத்தில் மேட்டுப்பக்கம் நோக்கி வளைந்திருக்கும். உங்கள் டிரேசிங்கில் அப்படி இல்லையென்றால் கோட்டைத் தவறவிட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது வரைபடம்: எண்ணும் எல்லையும் ஒரே ஆண்டாக இருக்கட்டும்

கியூஜிஐஎஸ் (QGIS) வரைபடம் செய்யும் இலவச மென்பொருள். நீண்டகால ஆதரவுள்ள பதிப்பை நிறுவுங்கள். எல்லைக்கோடுகள் சர்வே ஆஃப் இந்தியா தளத்திலிருந்து, எண்கள் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து. இங்கேதான் பெரும்பாலான மாணவர் வரைபடங்கள் முதல் அடியிலேயே பிழையாகிவிடுகின்றன, அதுவும் யாருக்கும் தெரியாமல்.

2011இல் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள். 2019இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு, 2020இல் மயிலாடுதுறை. இப்போது 38. இன்றைய எல்லைக்கோப்பில் 2011 எண்களை ஒட்டினால் ஆறு மாவட்டங்கள் காலியாக நிற்கும். அது நல்லதுதான், கண்ணில் பட்டுவிடும். திருநெல்வேலியின் பழைய மக்கள்தொகையை இன்றைய சிறிய பரப்பால் வகுத்துவிட்டால்தான் ஆபத்து: அடர்த்தி கூடிக்காட்டும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

புது மாவட்டங்களைத் தாய் மாவட்டத்தோடு மீண்டும் இணைத்தால் 32 வந்துவிடுமே என்று தோன்றும். எண்ணிக்கை சரியாக வரும், சென்னை சரியாக வராது. 2018இல் திருவள்ளூர், காஞ்சிபுரத்திலிருந்து வட்டங்களைச் சேர்த்து சென்னை மாவட்டத்தைச் சுமார் 426 சதுர கி.மீ. ஆக விரித்தார்கள். 2011இல் அது 175. சென்னையின் 2011 மக்கள்தொகை 46,46,732. அதை 175ஆல் வகுத்தால் 26,553. 426ஆல் வகுத்தால் 10,900 சொச்சம். பாதிக்கும் மேல் காணாமல் போய்விடுகிறது. ஆகவே 2011க்கான எல்லைக்கோப்பையே தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால் கணக்கெடுப்பு வெளியிட்ட பரப்பளவால் அடர்த்தியைக் கணக்கிட்டு, எல்லைகள் பிற்காலத்தவை என்று வரைபடத்தின் அடியில் எழுதிவிடுங்கள்.

எண்களை எல்லையோடு இணைத்தல்

1. கணக்கெடுப்பு அட்டவணையில் நான்கு நிரல்கள் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள்: மாவட்டக் குறியீடு, தமிழ்ப் பெயர், மக்கள்தொகை, பரப்பு.

2. எண்களுக்கு நடுவே உள்ள காற்புள்ளிகளை எடுத்துவிடுங்கள். 46,46,732 என்று இருந்தால் மென்பொருள் அதை எழுத்தாக வாசிக்கும், வகுக்க முடியாது.

3. யூடிஎஃப்-8 சிஎஸ்வி என்ற வகையில் சேமியுங்கள். சாதாரண சிஎஸ்வி ஆகச் சேமித்தால் தமிழெழுத்து கேள்விக்குறிகளாக மாறிவிடலாம்.

4. கியூஜிஐஎஸ்ஸில் எல்லை லேயரின் ப்ராபர்ட்டீஸில் ஜாயின்ஸ் பகுதிக்குப் போய், மாவட்டக் குறியீட்டை வைத்து இணையுங்கள்.

பெயரை வைத்து இணைக்காதீர்கள். தூத்துக்குடி, விழுப்புரம், காஞ்சிபுரம் ஆகியவற்றுக்கு ஆங்கிலத்தில் கோப்புக்கு ஓர் எழுத்துக்கூட்டல் உண்டு. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மாவட்டங்களின் குறியீடுகள் திருவள்ளூர் 602இல் தொடங்கி திருப்பூர் 633இல் முடிகின்றன. இணைத்த பிறகு எல்லா வரிகளும் வெற்றாக வந்தால், ஒரு பக்கம் குறியீடு எண்ணாகவும் மறுபக்கம் எழுத்தாகவும் இருக்கிறது என்று பொருள். இரண்டையும் ஒரே வகைக்கு மாற்றினால் உடனே பொருந்தும்.

கோப்பை ஷேப்ஃபைல் வகையில் சேமிக்க வேண்டாம். அதில் நிரலின் பெயருக்கு 10 பைட்தான் இடம். தமிழெழுத்து ஒன்றுக்குக் குறைந்தது 3 பைட் என்பதால் மூன்று எழுத்துக்குள் பெயர் வெட்டுப்படும். ஜியோபேக்கேஜ் வகையில் இந்தத் தொல்லை இல்லை.

ஒரு சரிபார்ப்பு: கோப்பிலிருந்து எல்லா மாவட்டப் பரப்பையும் கணக்கிட்டுக் கூட்டுங்கள். 1,30,000 சதுர கி.மீ.யை ஒட்டி வர வேண்டும். 10.7 போல வந்தால் அது சதுர டிகிரி.

ப்ரொஜெக்‌ஷன்: தேவையான அளவுக்கு மட்டும்

உருண்டையான பூமியைத் தட்டையான தாளுக்கு மாற்றுவதுதான் ப்ரொஜெக்‌ஷன். அப்படித் தட்டையாக்கும்போது நீளம், பரப்பு, கோணம் எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. உலக வரைபடத்துக்கு இது பெரிய விவகாரம். தமிழ்நாட்டுக்குச் சிறியது. இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டரில் நம் அட்சரேகையில் தூரம் இரண்டு விழுக்காட்டை ஒட்டிக் கூடிக்காட்டும், பரப்பு நான்கு.

பூமியை 6 டிகிரி அகல மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறையில் 78 டிகிரி தீர்க்கரேகை மாநிலத்தை இரண்டாகப் பிரிக்கிறது. மதுரையும் சென்னையும் 44வது மண்டலம், கோவையும் நீலகிரியும் 43. முழு மாநிலத்துக்கும் 44ஐயே வைத்துக்கொள்ளுங்கள். கியூஜிஐஎஸ்ஸில் 32644 என்று தேடினால் கிடைக்கும். மேற்கு ஓரத்தில் தூரப்பிழை சுமார் 0.3 விழுக்காடு, ஏ4 அச்சில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கோவை மாவட்டத்தை மட்டும் வரைந்தால் 32643.

டிகிரியில் உள்ள லேயரில் தூரக் கணக்கு செய்வதுதான் உண்மையான ஆபத்து. சாலையைச் சுற்றி 5 கி.மீ. வளையம் வேண்டி 5 என்று கொடுப்பீர்கள். மென்பொருள் 5 டிகிரி, அதாவது சுமார் 550 கி.மீ. வளையம் போட்டு இலங்கையையும் சேர்த்து விழுங்கிவிடும். முதலில் லேயரை யூடிஎம்முக்கு மாற்றிச் சேமித்து, பிறகு 5000 என்று மீட்டரில் கொடுங்கள்.

புள்ளிகளை ஏற்றும்போது கிடைமட்டம் தீர்க்கரேகை, செங்குத்து அட்சரேகை. சென்னையின் 13.08, 80.27 ஐ மாற்றிக் கொடுத்தால் புள்ளி நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகள் பக்கம் போய் நிற்கும். வரைபடம் திடீரென்று குன்றிமணி அளவு சுருங்கினால் இதைத்தான் முதலில் பாருங்கள்.

வகுப்புகளும் நிறமும்

அடர்த்தியை நிறத்தால் நிரப்பும் இவ்வகைக்கு நிழற்பட்டை வரைபடம் என்று பெயர். இதில் விகிதங்களை மட்டுமே காட்ட வேண்டும். மொத்த மக்கள்தொகையை நிறமாக்கினால் பெரிய மாவட்டம் கறுத்துத் தெரியும், பரப்பைத்தான் இரண்டாம் முறை காட்டியிருப்பீர்கள்.

கியூஜிஐஎஸ்ஸில் சிம்பாலஜி, க்ராஜுவேட்டட் என்று போனால் வகுப்புகளைப் பிரிக்கப் பல வழிகளைக் காட்டும். அவற்றில் கீழே உள்ள மூன்றையும் போட்டுப் பாருங்கள், ஒரே எண்கள் மூன்று வேறு கதைகளைச் சொல்லும்.

சம இடைவெளியில் ஐந்து வகுப்பு: நீலகிரி 300க்கும் கீழ், சென்னை 26,553. ஒரு வகுப்பின் அகலம் 5,200க்கும் மேல். சென்னை கடைசி வகுப்பில், மற்ற 31 மாவட்டங்களும் முதல் வகுப்பில், நடுவில் மூன்று வகுப்புகள் காலி. வரைபடமே வெளிறிப்போய் மூலையில் ஒரு கறுப்புப் புள்ளியோடு நிற்கும்.

சம எண்ணிக்கை முறையில் வகுப்புக்கு ஆறேழு மாவட்டங்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஆயிரத்தை எட்டாத மதுரையும் இருபத்தாறாயிரம் கொண்ட சென்னையும் ஒரே நிறத்தில் இருக்கும்.

ஜெங்க்ஸ் பெயரால் அழைக்கப்படும் இயற்கை இடைவெளி முறை எண்கள் கொத்தாகச் சேரும் இடங்களைத் தேடிப் பிரிக்கும். சென்னையைத் தனியே வைக்கும். ஆனால் எல்லைகள் 387, 541 என்று நினைவில் நிற்காதபடி அமையும். அந்த எல்லைகளைப் பார்த்துக்கொண்டு நீங்களே முழு எண்களாக்குங்கள்: 350க்குக் கீழ், 350–500, 500–700, 700–1,200, சென்னை மட்டும் 26,553. சென்னைக்கு அடுத்த கன்னியாகுமரி 1,100 சொச்சம்தான். நடுவில் இருக்கும் பள்ளத்தைக் குறியீட்டு விளக்கத்தில் மறைக்காமல் காட்டுங்கள்.

நிறம் ஒரே குடும்பத்தில் வெளிறியதிலிருந்து அடர்த்தி நோக்கிப் போகட்டும். சிந்தியா புரூவர் உருவாக்கிய கலர்புரூவர் வரிசைகள் கியூஜிஐஎஸ்ஸிலேயே இருக்கின்றன. இளமஞ்சளிலிருந்து பழுப்புக்குப் போகும் வரிசை இதற்குப் பொருந்தும். நீல வரிசை வேண்டாம், கடலோரத்தில் மாவட்டமும் கடலும் கலந்துவிடும். பச்சையில் தொடங்கி சிவப்பில் முடிப்பது நிறக்குருடு உள்ளவர்களுக்கு ஒரே சேறாகத் தெரியும். நல்லது கெட்டது என்ற தீர்ப்பையும் அது சொல்லாமல் சொல்லிவிடும். ஐந்து படிகளுக்கு மேல் போனால் வாசகர் குறியீட்டு விளக்கத்துக்கும் வரைபடத்துக்கும் கண்ணை ஓட்டிக்கொண்டே இருப்பார்.

சுற்றியுள்ள இடங்கள்

மாநிலத்தை வெள்ளைத் தாளில் தனித்தீவாக நிறுத்தாதீர்கள். கேரளம், கர்நாடகம், ஆந்திரத்தை வெளிர் சாம்பலில் போடுங்கள். கீழ்வலப்பக்கம் யாழ்ப்பாணக் குடாநாடும் மன்னாரும் உங்கள் சட்டத்துக்குள் வரும். இலங்கையின் கோப்பை ஏற்ற மறந்தால் அங்கே வெறும் கடல்தான் இருக்கும், அது தவறான வரைபடம். புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுத் தரவில் இல்லை. வெள்ளையாக விட்டால் மிகக் குறைந்த அடர்த்தி என்று தோன்றும். அவற்றையும் சாம்பலாக்குங்கள்.

தமிழில் பெயர் எழுதுதல்

ஆங்கில வரைபடப் பாடங்கள் எழுத்தமைப்புக்குச் சொல்லும் விதிகளில் பாதி நமக்கு உதவாது. மாநிலத்தின் பெயருக்குப் பெரிய எழுத்து, ஆற்றுக்குச் சாய்வெழுத்து, பெரும்பரப்புக்கு எழுத்துகளை விரித்து எழுதுதல் என்பார்கள். தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து இல்லை. சாய்வெழுத்து மரபும் இல்லை. மென்பொருள் சாய்த்துக்கொடுப்பது காற்றில் சாய்ந்த வேலி போலிருக்கும். எழுத்துகளை விரித்தால் கொடைக்கானலின் ஒற்றைக்கொம்பு ஒரு பக்கமும் கால் மறுபக்கமும் பிரிந்து நிற்கலாம்.

நமக்கிருப்பவை மூன்று: தடிமன், அளவு, நிறம். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கடமரான் போன்ற, பல தடிமன்கள் கொண்ட யூனிகோடு எழுத்துரு ஒன்றைத் தேர்ந்து அதோடு நில்லுங்கள். மாவட்டப் பெயர் 8 புள்ளி (பாயிண்ட்) அளவு, நடுத்தரத் தடிமன். ஊர்ப்பெயர் 7 புள்ளி, மெல்லியது. ஆறும் கடலும் அடர்நீலம். அண்டை மாநிலம் 9 புள்ளி, சாம்பல். 7 புள்ளிக்குக் கீழே ண, ஞ, ணை போன்றவற்றின் சுழிகள் அச்சில் அடைத்துக்கொள்ளும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பெயர்களை யூனிகோடுக்கு மாற்றாமல் எடுத்துவராதீர்கள்.

நம் ஊர்ப்பெயர்கள் நீளம். திருச்சிராப்பள்ளியை ஒரே வரியில் எழுதினால் பக்கத்து மாவட்டத்துக்குள் போய்விடும். திருச்சிராப் / பள்ளி, திருவண்ணா / மலை, ராமநாத / புரம் என்று பெயர் இயல்பாக முறியும் இடத்தில் முறியுங்கள். பெயர் நிரலில் அந்த இடத்தில் ஒரு நிமிர்ந்த கோடு போட்டு, லேபிள் அமைப்பில் அந்தக் கோட்டில் வரி முறியச் சொன்னால் போதும். உதகை என்பதா, உதகமண்டலம் என்பதா, ராமநாதபுரமா, இராமநாதபுரமா? ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதையே எழுதுங்கள்.

கடலோர ஊர்களின் பெயர் கடலில், உள்நாட்டு ஊர்களின் பெயர் நிலத்தில். நாகப்பட்டினமும் தூத்துக்குடியும் புள்ளிக்கு வலப்பக்கம் தாராளமாக இடம் பெறும், எல்லைக்கோட்டை வெட்டவும் வேண்டாம். அடர்நிற மாவட்டத்தின் மேல் வெள்ளை எழுத்து. எழுத்தைச் சுற்றி ஒளிவட்டம் போடுவதானால் 0.7 மி.மீ. போதும், அதற்கு மேல் போனால் பஞ்சு ஒட்டியதுபோல் தெரியும். தானியங்கி லேபிள்களை நம்பி அச்சுக்குப் போகாதீர்கள், 32 பெயரையும் கையால் நகர்த்த அரைமணி நேரம்தான் ஆகும்.

தாளில் அடுக்குதல், அச்சு

மாநிலம் தெற்கு வடக்காகச் சுமார் 610 கி.மீ., கிழக்கு மேற்காகச் சுமார் 450. 1:25,00,000 அளவில், அதாவது 1 செ.மீ.க்கு 25 கி.மீ. என்று வைத்தால், 24.4 செ.மீ. உயரம், 18 செ.மீ. அகலம். நிமிர்ந்த ஏ4 தாளில் ஓரமும் தலைப்பும் போக அடங்கும். லேஅவுட்டில் அளவை என்ற கட்டத்தில் 2500000 என்று தட்டுங்கள். கண்ணளவில் இழுத்து 1:24,83,716 என்று விட்டுவிடாதீர்கள்.

இந்த அளவில் 0.2 மி.மீ. கோடு தரையில் 500 மீட்டர். அதற்குக் குறைந்த நெளிவு எதுவும் அச்சில் தெரியாது, கடற்கரை மட்டும் மசியாகத் தடிக்கும். மேப்ஷேப்பர் என்ற இலவச இணையக் கருவியில் எல்லைகளை எளிமையாக்குங்கள். ஒவ்வொரு மாவட்டத்தையும் தனித்தனியே எளிமையாக்கும் கருவிகளில் பக்கத்து மாவட்டங்களுக்கு நடுவே பிளவுகள் விழும். மேப்ஷேப்பர் பொது எல்லையை ஒரே கோடாக நடத்துவதால் அந்தப் பிரச்சினை வராது.

மாவட்ட எல்லை 0.2 மி.மீ. வெள்ளை, மாநில எல்லை 0.5 மி.மீ. அடர்சாம்பல். சென்னை இந்த அளவில் ஐந்து மி.மீ. சதுரம்தான். தனிப் பெரிதாக்கப் படம் போடத் தோன்றும், வேண்டாம். அதற்குள் காட்ட ஒரே நிறம்தான் இருக்கிறது. பெயரைக் கடலில் எழுதினால் போதும்.

தலைப்பு வங்கக் கடலின் மேல்பகுதியில், குறியீட்டு விளக்கம் அதன் கீழே. தலைப்பில் பொருள், இடம், ஆண்டு மூன்றும் வேண்டும். ‘மக்கள்தொகை அடர்த்தி, தமிழ்நாடு, 2011 (ஒரு சதுர கி.மீ.க்கு)’. அளவுகோல் பட்டை கட்டாயம் போடுங்கள்: யாராவது இதை நகலெடுத்துச் சுருக்கினால் 1:25,00,000 என்ற எழுத்து பொய்யாகிவிடும், பட்டையும் கூடவே சுருங்கி உண்மையாகவே இருக்கும். வடக்குக் குறி இவ்வகை வரைபடத்துக்குத் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. மதிப்பெண் கொடுப்பவர் தேடுவார் என்றால் சிறியதாக ஒன்று வையுங்கள், தேர்ச்சக்கரம் மாதிரி வேண்டாம். அடியில் தரவின் மூலம், எல்லையின் மூலம், ப்ரொஜெக்‌ஷன், செய்த நாள்.

பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்துகளைக் கோட்டுருவங்களாக மாற்றும் தேர்வை வையுங்கள். இல்லாவிட்டால் அச்சகத்தின் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாதபோது கொம்பும் காலும் இடம்மாறும். படமாக வேண்டுமானால் 300 டிபிஐ. அச்சிட்டதை கறுப்பு வெள்ளையில் ஒரு நகல் எடுங்கள். ஐந்து வகுப்புகளும் பிரிந்து தெரிந்தால் நிறம் சரி. பிறகு வரைபடம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, தஞ்சாவூர் எந்த வகுப்பு என்று கேளுங்கள். பத்து நொடிக்கு மேல் தடுமாறினால் அடுத்தடுத்த இரண்டு நிறங்கள் நெருங்கிவிட்டன.

வெளியிடுவதானால்

முழு இந்தியாவின் வரைபடத்தை இந்தியாவில் வெளியிடும்போது புற எல்லை சர்வே ஆஃப் இந்தியா வெளியிட்டதோடு பொருந்த வேண்டும். பொருந்தாததை வெளியிடுவது 1961ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டப்படி ஆறு மாதம் வரை சிறைக்கோ அபராதத்துக்கோ இடமளிக்கும் குற்றம். நேச்சுரல் எர்த் போன்ற உலகக் கோப்புகளின் வழக்கமான பதிப்பு காஷ்மீரை நடைமுறைக் கட்டுப்பாட்டுக் கோட்டின்படி காட்டுவதால் அதை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவு எடுத்தால் பங்களிப்பாளர்களின் பெயரால் நன்றி எழுதுவது உரிமத்தின் நிபந்தனை. அங்கே உங்கள் தெருவைச் சேர்க்கும்போது கூகுள் மேப்பைப் பார்த்து நகலெடுக்கக் கூடாது. நடந்து அளந்ததைச் சேர்க்கலாம். ஊர்ப்பெயரின் தமிழ் வடிவத்துக்கு அங்கே தனி இடம் உண்டு, பல சிற்றூர்களுக்கு அது இன்னும் காலி.

மூன்றாவதாக ஒன்று செய்ய நினைத்தால்

அடர்த்தி முடிந்தபின் அதே 32 மாவட்டங்களுக்கு மொத்த மக்கள்தொகையை வட்டங்களால் காட்டுங்கள். வட்டத்தின் பரப்புதான் எண்ணுக்கு ஏற்ப வளர வேண்டும், ஆரம் அல்ல. நீலகிரியின் 7,35,394ஐ விடச் சென்னை 6.3 மடங்கு; அதன் வர்க்கமூலம் 2.5. சென்னைக்கு 10 மி.மீ. ஆரம் என்றால் நீலகிரிக்கு 4 மி.மீ. ஆரத்தையே 6.3 மடங்காக்கினால் சென்னை நாற்பது மடங்கு பெரிதாகத் தோன்றும். கியூஜிஐஎஸ்ஸில் வட்டத்தின் அளவைத் தரவோடு இணைக்கும் இடத்தில் பரப்பா, ஆரமா என்று கேட்கும். பரப்பைத் தேர்ந்துவிட்டு, பெரிய வட்டம் கீழேயும் சிறியது மேலேயும் வரும்படி அடுக்குங்கள். இல்லாவிட்டால் சென்னையின் வட்டம் பக்கத்துத் திருவள்ளூரின் வட்டத்தை மறைத்துக்கொண்டு நிற்கும்.